பதினான்கு வரித் துணி

இந்தத் துணியை முதலில் கண்ணால் பார்க்கக் கூடாது.
உள்ளங்கையை மேலிருந்து கீழே இழு.
வழவழவென்று போனால் இறக்கம்.
கீழிருந்து மேலே இழு.
பூனை முறைத்தால் அது ஏற்றம்.

தெற்குமாசி வீதியில் துளசிராம்
மூன்று ரோல் எடுத்துப் போட்டார்.
அங்குலத்துக்கு ஆறு வரி. சோபாவுக்கு ஆகும்.
இருபத்தொன்று மெலிசு, நாலு துவைப்பில் வழுக்கை.
பதினான்கு வரி, சுத்தப் பருத்தி, பாக்கு நிறம்.
டியூப்லைட்டை நம்பாமல்
ரோலைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலுக்கு வந்தேன்.
பின்னாலேயே ஓடி வந்தார்,
"அக்கா, பில்லு போடலக்கா."

ஞானஒளிவுபுரம் அமலதாஸ் பேண்டு செட்டில்
எட்டுப் பேருக்கு கில்ட்.
பேக்பைப் இரண்டு வாங்கிவிட்டார்.
கட்டம் போட்ட கம்பளிக்கு விலை கேட்டதில்
ஊத வைத்திருந்த மூச்சும் போய்விட்டது.
நல்லதுதான் என்றேன்.
சித்திரை வெயிலில் கம்பளி கட்டினால்
கல்யாணத்துக்குப் போன செட்டு
கருமாதிக்கும் சேர்த்து வாசித்துவிட்டு வரணும்.

அளவு கொடுக்க வந்தவர்கள் சுவரைப் பார்த்து நின்றார்கள்.
"பாவாடையா தைக்கிறீக?" என்றான் கிளாரினெட்.
கைலியை மடித்துக் கட்டினால் எதுவரை வரும் என்றேன்.
முட்டியைத் தொட்டுக் காட்டினான்.
அங்கேயே சாக்பீஸால் கோடு போட்டேன்.

மடிப்பெல்லாம் பின்னால். முன்னால் தட்டை.
நடவுக்குப் போகிறவர்கள் கட்டுகிற பின்கொசுவம்தான்;
காலுக்கு வீச்சு வேண்டுமென்றால்
வேறெங்கே கொண்டுபோய்த் துணியை வைப்பது?
கம்பளியில் முப்பது மடிப்பு எடுக்கலாம்.
கார்டுராய் முரடு.
பதினாறோடு நிறுத்தி
இடுப்புக்குள் ஒளிகிற சதையை வெட்டி எறிந்தேன்,
இல்லையென்றால் ஒவ்வொருத்தனும்
மூட்டை கட்டிக்கொண்டு போகிறவன் மாதிரி இருப்பான்.

பதினாறாம் நம்பர் ஊசி. நீளத் தையல்.
ரோமத்தோடு ரோமம் முகம் வைத்தால்
நகர்ந்து நகர்ந்து சண்டை போடும்,
விரலகலத்துக்கு ஒரு ஓட்டுத்தையல் போட்டு உட்கார வை.
இஸ்திரி நல்ல பக்கம் படவே கூடாது.
அடியில் துவாலை, மறுபுறத்தில் ஆவி.
ஒருமுறை அழுத்திவிட்டால்
அந்த மினுக்குக் கிழியும்வரை போகாது.
சிம்மக்கல் முழுக்கத் தெரிந்துவிட்டது எங்கள் வேலை:
டீயில் பாக்கு நிறப் பஞ்சு,
ஹபீபாவின் புருவத்தில் பஞ்சு.

ஏழாவதில் ஹபீபா
முன்தட்டைத் தலைகீழாக வெட்டிவிட்டாள்.
வெட்டும்போது தெரியவில்லை, தைக்கும்போதும் தெரியவில்லை.
எட்டையும் கொடியில் போட்டதும்
ஏழு வெளுப்பு,
ஒன்றின் வயிறு மட்டும் மழையில் நனைந்த மாதிரி.
துணி தீர்ந்தாயிற்று.
அடுத்த ரோல் வேறு சாயம் என்கிறார் துளசிராம்.

ஹபீபா அழவில்லை.
"பெரிய டிரம் யாருக்கா அடிக்கிறது?" என்று கேட்டாள்.

செல்லத்துரை.
டிரம்மை மாட்டினால் முட்டிவரை ஒன்றும் தெரியாது.
வார்ப்பட்டையை இரண்டங்குலம் தள்ளித் தைத்து
உள்பக்கம் அவர் பெயரை எழுதினேன்.
பில்லில் நூறு குறைத்தேன்.
அமலதாஸ் ஏன் என்று கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் செல்லத்துரை வந்தார், தனியாக.
ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை.
"மத்தவுகளுது கைய வச்சா வழுக்குது.
என்னுது பிடிக்குது.
வேர்வையத் தொடச்சா தொடச்ச மாதிரி இருக்கு.
இன்னொண்ணு வேணும்.
இதே மாதிரி, இதே தெசையில."

நான் வாயைத் திறப்பதற்குள்
மெஷினை நிறுத்தாமலே ஹபீபா சொன்னாள்,
"அதுக்குக் கூலி கூடும்ண்ணே."