இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

சத்துவாச்சாரி வாடகை அறையில்
மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.
பதினோரு கோடை.
வாணியம்பாடியிலிருந்து வாலாஜா வரை
நானூற்றுப் பதினேழு கிணறு.
உப்பு, குரோமியம், ஆழம், தேதி
எல்லாம் ஒரே அட்டவணையாகி
ஒரு சொடுக்குக்குக் காத்திருந்தது.

எந்த உரிமம்? என்றது திரை.

யாரும் எடுக்கலாம், என் பெயரைச் சொன்னால் போதும்.
யாரும் எடுக்கலாம், விற்கக் கூடாது.
யாரும் எடுக்கலாம், மாற்றக் கூடாது.

விற்கக் கூடாது என்பதில்தான்
விரல் முதலில் போய் நின்றது.
பிறகு முக்தியார் பாய் நினைவுக்கு வந்தார்.
மாதனூரில் லாரித் தண்ணீர் விற்கிறவர்.
எந்தக் கிணற்றில் குழாய் இறக்கக் கூடாதென்று
அவருக்குத்தானே முதலில் தெரிய வேண்டும்?

மாற்றக் கூடாது என்பதில் கொஞ்ச நேரம் இருந்தேன்.
பதினோரு கோடை வெயில் அல்லவா,
இன்னொருத்தர் கை வைப்பதா?
"வைக்கட்டுமே" என்றார் எபனேசர்,
புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே.
"ஆத்துல ஊத்து தோண்டுனவன்
பூட்டு போட்டா வச்சான், மேடம்?"
பாலாற்றில் யாரும் ஊற்று தோண்டிப்
பல வருஷம் ஆகிறதென்று
நான் சொல்லவில்லை.

ஒரு பத்தியை மட்டும் அழித்தேன்.
துத்திப்பட்டு பச்சையப்பன் கேட்டிருந்தார்:
"தண்ணி கெட்டுப்போச்சுன்னு ஊருக்கே சொல்லு.
என் சர்வே நம்பர மட்டும் போடாத.
பேங்க்ல கடன் மனு நிக்குது."
பெயர்களும் நம்பர்களும் என் நோட்டில்.
மற்றதெல்லாம் உலகத்துக்கு.

இரண்டு வருஷத்தில் முப்பத்தெட்டுப் பதிவிறக்கம்.
அதில் ஏழெட்டு நானே.

ஐப்பசியில் கான்பூரிலிருந்து ஒரு கடிதம்.
ஷிப்ரா கட்டியார், மாணவி.
அங்கேயும் தோல், அங்கேயும் ஆறு.
எங்கள் எண்களோடு உங்கள் எண்களை அடுக்கிப் பார்த்தேன்,
212ஆம் வரி மட்டும்
அக்கம்பக்கத்துக் கிணறுகளோடு ஒட்டவில்லை.
புள்ளி இடம் மாறியிருக்குமோ?
தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நோட்டைப் புரட்டினேன்.
மழையில் ஊதிப்போன பக்கம்.
0.47.
திரையில் 0.047.
வரம்பு 0.05.
பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டிய தாளில்
அந்தக் கிணற்றுக்குப் பச்சை தீட்டியது
நான்தான்.

பெரியவரிகம் தாண்டி மண் பாதை.
ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அஞ்சலா
கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல்
சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.
அதற்குள் சொல்லிவிட்டேன்.
புள்ளி என்றேன். ஒரே ஒரு புள்ளி.
நீட்டிய கை
பாதியில் நின்றது.

"ரெண்டு வருஷமா இதத்தான் குடிக்கிறோம்."
ரொம்ப நேரம் கழித்து,
"யாரு கண்டுபுடிச்சா?"
கான்பூரில் ஒரு பொண்ணு.
"எங்க கெணறு அவளுக்கு எப்டித் தெரியும்?"

தெரியாது.
பக்கத்து வரிகளோடு ஒட்டாத
ஓர் எண் மட்டும் தெரியும்.
அதை நான் பூட்டாமல் வைத்திருந்தேன்.
இதைச் சொல்லிக்கொள்ள
அந்த வாசலில் எனக்கு வாய் வரவில்லை.

இரவு இரண்டாம் பதிப்பை ஏற்றினேன்.
திருத்தம்: வரி 212.
கண்டுபிடித்தவர் ஷிப்ரா கட்டியார், கான்பூர்.
பிழை என்னுடையது.
உரிமம் பழையதே.

முக்தியார் பாய்க்கு ஃபோன் போட்டேன்,
காலை ஆறு மணிக்குப் பெரியவரிகத்துக்கு ஒரு லாரி.
"பில் யாரு பேர்ல, மேடம்?"
என் பேர்ல.
எத்தனை நாளைக்கு என்று
அவரும் கேட்கவில்லை.