உள்ளூர்ப் பூ, வகை ஒன்று

படம் ரொறன்ரோவிலிருந்து வந்தது.
ஒரு வளைவு, நடுவே நிலவளவு இடைவெளி,
சுற்றிவர வெள்ளை ஹைட்ரேஞ்சியா.
"இதேமாதிரி, அக்கா. அப்படியே."
பெருவிரல் ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டு
நுவரெலியாவுக்குக் காசு போட்டேன்.

தை மாதம். முகூர்த்தம் ஒன்பது பன்னிரண்டு.
லொறி வந்தபோது இரவு பதினொன்றரை.
வவுனியாவிலேயே குளிர்ப்பெட்டி நின்றுவிட்டதாம்,
கோண்டாவில் மண்டபத்து வாசலில் வைத்துத்தான்
சாரதி வாய் திறந்தான்.
பெட்டியைத் திறந்தால்
அவித்த கோவா மணம்.
நூற்றிருபது தலையில் பதினேழு தேறியது.

"பிளாஸ்டிக் இருக்குத்தானே" என்றான் டினோஜன்,
"சுன்னாகத்தில கடைக்காரனை எழுப்புவம்."
அந்தப் பூக்களை எனக்குத் தெரியும்.
இந்த மாதம் மட்டும்
நாலு கலியாணம் முடித்தவை அவை.

வெறும் கம்பி வளைவுக்குள் நின்று தண்ணீர் குடித்தேன்.
அப்போதுதான் பின்னேரம் கண்டது வந்தது:
இணுவில் தோட்டத்தில் ஒருவர்
வரிசை வரிசையாய்ப் போய்
புகையிலைக் கன்றுகளின் தலையைக் கிள்ளி
வரம்பில் எறிந்துகொண்டிருந்தார்.
பூ நின்றால் இலை தடிக்காது.

நாலு மணிக்கு ஓட்டோவில் போனோம்.
அருளானந்தம் அண்ணை
இறைப்பு மெசினோடு சண்டையில் இருந்தார்.
"பூவோ? எறியிற சாமானுக்கு என்ன காசு, பிள்ளை?
முறிக்காத துண்டு ஒண்டும் கிடக்கு.
முறிச்சியள் எண்டா எனக்கும் வேலை மிச்சம்."

டோர்ச் வெளிச்சத்தில்
மெல்லிய ரோசாநிறக் குழல்கள்,
நுனியில் ஐந்து முனை, உள்ளே பனி.
பறிக்கப் பறிக்க விரலெல்லாம் பால்பிசின்,
விடிந்து பார்த்தால் கறுப்பு.
சவர்க்காரத்துக்கு மசியவில்லை.
தேங்காயெண்ணெய்க்குக் கொஞ்சம் விட்டது.

வளைவு வெள்ளையாய் வரவில்லை.
விடியப்புறத்து வானம்போல ஒரு நிறத்தில் வந்தது.
பதினேழையும் ஒரே பக்கம் குவித்தேன்,
மறுபக்கம் குழல்கள் தொங்க விட்டேன்.
டினோஜன் தள்ளி நின்று பார்த்து
"பிழையில்லை" என்றான்.
அவன் வாயில் அது பெரிய சொல்.

மணமகள் ஆரபி வந்தாள்,
படத்தை மறந்தாள்,
வளைவின் கீழே நின்று
இருபத்தாறு தரம் சிரித்தாள்.
அறிவிப்பாளர் மைக்கில் முழங்கும்போதுதான்
எனக்கு வயிறு கலங்கியது:
மணமகள் ஒரு சுவாசப்பை வைத்தியராம்.
புகைத்தலை ஒழிக்கப் பாடுபடுபவராம்.
கைதட்டல்.

பெரியப்பா ஒருவர் மட்டும்
வளைவுக்குக் கிட்டப் போனார்.
ஒரு பூவை மோந்தார்.
திரும்பி, சனத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.
பிறகு மீசையைத் தடவிக்கொண்டு
பந்திக்குப் போய்விட்டார்.

கணக்குச் சீட்டில் எழுதினேன்:
உள்ளூர்ப் பூ, வகை ஒன்று.
கிழமை கழித்து அவளிடமிருந்து செய்தி:
"அந்தப் பூவின்ரை பெயர் என்ன, அக்கா?
தங்கச்சிக்கும் அதுதான் வேணுமாம், ஆவணியில."
இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் அழித்தேன்.
"அது தையில மட்டும் பூக்கும்" என்று அனுப்பினேன்.
அதில் பொய் இல்லை.

மாசியில் இன்னொரு கலியாணம்.
விடியமுன்னம் இணுவிலுக்குப் போனேன்.
வரம்பில் ஒரு பூவும் கிடக்கவில்லை.
எல்லாம் வாளித் தண்ணீரில்,
வாழைநாரால் பத்துப் பத்தாய்க் கட்டி.
"கட்டு முந்நூறு" என்றார் அருளானந்தம் அண்ணை,
மெசினை நிறுத்தாமலே.