பத்தொன்பதில் ஒன்று

சுற்றறிக்கை மூன்றே வரி.
உடற்கூற்றியலில் இனி ஆட்பெயர்கள் வேண்டாம்.
பந்தாய் பாருவை மழை இருட்டிய மதியம்,
வெள்ளை மைக் குப்பியோடு
ஜாடி ஜாடியாய்ப் பெயர் அழிக்கிறேன்.

ஆறாம் அலமாரி, இரண்டாம் தட்டு:
ஆன்ஹூஃப் இழை.
மணிக்கட்டுக்குள் பதுங்கிச்
சுண்டுவிரலுக்கு ஓடும்
தலைமுடி கனத்தில் ஒரு நரம்பு.

யாரய்யா நீர் என்று
ஒரு வாரம் தேடியதில் கிடைத்தது இவ்வளவுதான்:
காட்லீப் ஆன்ஹூஃப்,
எல்பே ஆற்றங்கரையில் கயிறு திரித்தவர் மகன்.
புரி பிரித்துப் பழகிய விரல்கள்
பிணவறைக்குப் போயின.
குளிர்காலத்தில் உடல்கள்,
கோடையில் தவளைகள்.
புகை படிந்த உருளையில்
செத்த காலின் துடிப்பு கீறிய கோடுகளை
மனைவி சுருக்கெழுத்து என்று நினைத்தாளாம்,
யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டாளாம்.
பேராசிரியர் நாற்காலி இரண்டு முறை கைநழுவியது.
மூன்றாம் முறை வந்தபோது
கண் மங்கிவிட்டது.
நரம்பை நாக்கு நுனியால் தேடினார் என்று
மாணவர்கள் கட்டிவிட்ட கதையை
நான் நம்பவில்லை,
அதாவது, பகலில் நம்புவதில்லை.

அவர் கட்டுரையின் கடைசி வரிகள்:
பத்தொன்பது கைகளைத் திறந்தேன்.
பதினெட்டில் இருந்தது.
ஒன்றில் இல்லை.
ஏனென்று எனக்குத் தெரியவில்லை.

பாடநூல்கள் பதினெட்டை எடுத்துக்கொண்டன.

"டாக்டர்!"
நான்காம் மேசையில் சூ ஹுய்,
முகக்கவசம் நனைய அழுகிறாள்.
காணோம், நான்தான் அறுத்துவிட்டேன் என்கிறாள்.
ஹஸீக் விளக்கைத் தாழ்த்திப் பிடிக்க
கொழுப்பை ஒதுக்கி ஒதுக்கிப் பார்க்கிறேன்.
வெட்டிய முனை இல்லை.
போன தடமும் இல்லை.
இங்கே அது இருந்ததே இல்லை, அம்மா.

செந்தூலில் இருந்து
தானாய் எழுதிக்கொடுத்து வந்த மனிதர்.
ஈப்போ சாலையில் முப்பது வருடம் லாரி.
இந்தக் கைதான் கியர் மாற்றியது,
தே தாரிக் பொட்டலத்தின் ரப்பரைப்
பல்லில் கடித்து அவிழ்க்கையில்
ஸ்டியரிங்கை ஒற்றையாய்ப் பிடித்தது.
ஒன்று குறைவென்று அதற்கு
யாரும் சொல்லவில்லை.

ஜாடியில் புதுப் பெயர் ஒட்டியாயிற்று,
ஏழு சொற்கள், ஒருவரும் அழைக்கமாட்டார்கள்.
சுற்றறிக்கையை மறுபடி படித்தேன்.
இருக்கிற உறுப்புகளைப் பற்றித்தான் பேசுகிறது.
இல்லாத நரம்புக்கு விதி எதுவும் இல்லை.

நான்காம் மேசை அட்டையில்,
வலது கை என்ற வரிக்கு நேரே,
பென்சிலால் எழுதினேன்:
ஆன்ஹூஃப் இதைப் பார்த்திருக்கிறார்.