ஈற்றுச் சீர்

ராயக்கோட்டைச் சாலையிலிருந்து உள்ளே
ஆறு கிலோமீட்டர், சாமைக்கல்பட்டி.
புல எண் இருநூற்றுப் பதினாலு, மூன்று பி.
பழைய பதிவேட்டில் 'புலவன் மானியம்' என்றிருக்கிறது,
பக்கத்தில் சிவப்பு மையில் 'தரிசு'.

நான் இங்கே கிராம நிர்வாக அலுவலர்.
சேலத்திலிருந்து வந்த பிறகு
கேழ்வரகு இரண்டு முறை விதைத்தார்கள்.
இரண்டும் கருகின.

மானியத்தின் நடுவே ஒரு பாதிக் கல்.
மீதியைக் குவாரி வெடி எடுத்துக்கொண்டது.
எந்த மேம்பாலத்தின் அடியில் ஜல்லியாய்க் கிடக்கிறதோ
ஓசூர் லாரிக்காரர்களுக்கே தெரியாது.

மிஞ்சியதில் மைதா மாவு தேய்த்து
மூன்று ஞாயிற்றுக்கிழமை குந்தி உட்கார்ந்து படித்தேன்:

    வான்பொய்த்த போதும் வரிகேட்டான் கோமகன்
    நான்பொய்த்துப் பாடுவேன்

அவ்வளவுதான்.
அதற்கப்புறம் வெடித்த கல்லின் பல்வரிசை.

பாடியவன் பெயர் குன்றன் என்கிறார்கள்.
குன்றன் பாடினான், ஏரி நிரம்பியது,
கோமகன் தொண்டைவரை தண்ணீரில் நின்று
மன்னிப்புக் கேட்டான். இது டீக்கடைச் சென்னப்பன்.
இல்லை, அவன் வாயே திறக்கவில்லை,
வரி வாங்க வந்தவன் குதிரை தானே படுத்துக்கொண்டது,
இன்னும் எழவில்லை, அதோ அந்தப் பாறைதான்.
ஆடு மேய்க்கும் திம்மராயன் இதைத் தெலுங்கில் சொன்னார்,
பாறையின் வாலைக்கூடக் காட்டினார்.
மாங்கூழ் ஆலைக்கு வேனில் போகும் ருக்கு மட்டும்,
'பாடிட்டான் மேடம். பாடி, நூறு பொன் வாங்கிக் கடன அடைச்சான்.
அவன் வீட்லயும் அடுப்பு இருந்திருக்கும் இல்ல?' என்றாள்.
வேன் கிளம்பிவிட்டது.
அந்த அடுப்பைப் பற்றி
இந்த ஊரில் யாரும் கதை கட்டவில்லை.

பள்ளியில் யாப்பு எனக்கு வேப்பங்காய்.
ஆனாலும் நாள், மலர், காசு, பிறப்பு மறக்கவில்லை.
பாடுவேன், கூவிளம். விளமுன் நேர்.
மலர் உதிர்ந்தது. பிறப்பும் போயிற்று.
மிச்சம் நாளா, காசா.

'ஏன்' என்று வைத்தால் நாள்.
நான் ஏன் பொய்த்துப் பாடுவேன்?
கழுத்தைச் சாய்க்காமல் நிற்கிறான்.
'இன்று' என்று வைத்தால் காசு.
இன்றைக்கு மட்டும், ஒரே ஒரு பொய்,
பிள்ளைகளுக்கு உலை கொதிக்கட்டும்.

இரண்டிலும் தளை தட்டவில்லை.
இந்த இரண்டு பேரையும் வெண்பா
ஒரே மாதிரி உள்ளே விட்டுவிடுகிறது.
அதுதான் எனக்கு ஆத்திரம்.

உடைந்த விளிம்பில் ஓர் எழுத்தின் வளைவு ஒட்டியிருக்கிறது.
ஸ்கேல் வைத்து அளந்தேன். டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன்.
ஏகாரத்தின் தோளா, இகரத்தின் முதுகா,
வெடி தின்ற பள்ளமா?

அப்போது தாலுகா ஆபீசிலிருந்து போன்.
பயிர்ச் சேத அறிக்கை இன்று மாலைக்குள் வேண்டும்.
'முப்பத்து மூணுக்குக் கீழ வருதான்னு பாருங்கம்மா.
வந்தா எல்லாருக்கும் நல்லது.'
கீழே வந்தால் நிவாரணம் கிடையாது.
வரப்பு வரப்பாய் நடந்து நான் எண்ணியது அறுபத்தொன்று.
என் சேலம் மாற்றல் விண்ணப்பமும்
அதே மேசையில்தான் கிடக்கிறது,
அந்தக் குரலுக்குச் சொந்தமான பேனாவின் அடியில்.

வேறு மேசை இல்லாமல் கல்லின் மேல் படிவத்தை விரித்தேன்.
'சேத விழுக்காடு' என்ற கட்டத்தில்
இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம்.
ஆறு போட்டேன்.
பக்கத்தில் ஒன்று இழுக்கும்போது
பேனா, குன்றன் எழுத்தின் பள்ளத்தில் இடறிக்
காகிதம் கிழிந்தது.

குதிரையின் முதுகில் ஏறி நின்ற ஓர் ஆடு
மென்றுகொண்டே என்னைப் பார்த்தது.

வேறு படிவம் எடுத்தேன்.
மறுபடியும் ஆறு.