நாற்பத்தொரு தப்படி

புதன்கிழமை, பிற்பகல் இரண்டரை.
உயர்நிலை மூன்று, தொழில்முனைப்பு வகுப்பு.
நடத்துவது நான்.
இருபத்திரண்டு ஆண்டாய் மாதம் பிறந்தால்
வங்கிக்கு வந்துவிடும் சம்பளத்தில் வாழ்கிறவன்,
ஒரு பென்சிலைக்கூட விற்றறியாதவன்.

ஏட்டில் இருந்ததை அப்படியே சொன்னேன்:
யாருக்கோ எங்கோ ஒரு குறை இருக்கிறது,
கண்டுபிடியுங்கள்,
காசு அங்கேதான்.
குழுவுக்கு ஐம்பது வெள்ளி முதல்.
எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கினேன்.

ஐந்து குழுக்கள் கைபேசி உறை விற்கப் போயின.
ஒன்று பபிள் டீ என்றது,
சர்க்கரை என்று பள்ளி மறுத்தது.
ஜுன் காய் மட்டும் கை தூக்கினான்:
"குறை ஒண்ணும் தெரியலேன்னா காத்திருக்கலாமா சார்?"
இரண்டாம் தவணை முடியும்வரை, என்றேன்.

மழை முந்திக்கொண்டது.

புக்கிட் பாஞ்சாங்கில் ரயிலைவிட்டு இறங்கினால்
கூரை கூடவே வரும்.
கோப்பிக்கடை தாண்டி, பல்மருந்தகம் தாண்டி,
புளோக்குக்குப் புளோக் கைமாற்றி
நனையாமல் நம்மைக் கொண்டுவந்து
பள்ளி வாசலுக்கு முன்னால்
சட்டென்று கைவிட்டுவிடும்.
அகிலேஷ்வரி காலால் அளந்தாள்,
நாற்பத்தொரு தப்படி.

மூன்று வெள்ளிக் குடைகள் பதினாறு.
மிச்சம் இரண்டு வெள்ளிக்குக் கயிறும் பேனாவும்.
ஒரு நடைக்கு முப்பது காசு.
கூரை முடியும் தூணருகே ஹஸீரா,
வாசலில் ஜுன் காய்,
இடையில் பதினாறு கறுப்புக் குடைகள்
போவதும் வருவதுமாய்.
முதலில் மாணவர்கள், பிறகு ஆசிரியர்கள்,
சில்லறை இல்லாமல் கடன் சொன்ன
துணைத்தலைமையாசிரியர்.
எல்லாம் குறிப்பேட்டில் உண்டு.

ஒன்பதாம் மழைநாளின் பக்கத்தில்
வேறு மாதிரி ஒரு வரி:
"சக்கர நாற்காலி தள்ளி வந்த அக்கா.
முதியோர் பகல்நேர நிலையம்.
வசூல் இல்லை.
கை காலி இல்லை."

இரண்டு கையும் நாற்காலியில் இருக்க
எந்தக் கையால் குடை பிடிப்பாள்?
அகிலேஷ்வரி பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள்.
அடுத்த மழையிலும்.
அதற்கடுத்த மழையில்
தன் கணித வகுப்புக்குப் பிந்தியும்.

பிறகு அந்த மூவரும் சண்டை போட்டார்கள்.
சீருடையோடு, உணவகத்தில், எல்லாரும் பார்க்க.
"கூரை வந்தா நம்ம கடை?" இது ஜுன் காய்.
வாக்கெடுப்பு. இரண்டுக்கு ஒன்று.
தோற்றவனும் கையெழுத்திட்டான்,
பேனா அழுந்தித் தாள் கிழிய.
திங்கள் இரவு மக்கள் சந்திப்புக்கு
வரிசை எண் எடுத்துப் போய்
குறிப்பேட்டைக் கொடுத்தார்கள்:
பத்தொன்பது மழைநாள்,
அறுநூற்றுப் பதினொரு நடை,
கை காலியில்லாதவர் ஒருவர்.

மதிப்பீட்டு நாளில்
கழுத்தில் அட்டை தொங்க நடுவர்கள்.
உறைக்காரர்கள் ஜூரோங்கில் கிளை திறந்தார்கள்,
திரையில்.
இவர்களின் கடைசிப் பக்கம்,
வளர்ச்சித் திட்டம்:
"கடை மூடப்படும்."

"சொந்தச் சந்தையை நீங்களே அழிப்பீர்களா?"
வங்கிக்காரர் உண்மையாகவே திகைத்தார்.
அகிலேஷ்வரி என்னைப் பார்த்தாள்.
"குறையைக் கண்டுபிடின்னு சார்தான் சொன்னாரு.
கண்டுபிடிச்சப்பறம்
அதைப் பத்திரமா வெச்சுக்கணும்னு சொல்லலையே."

சொல்லவில்லைதான்.
நீடித்த வருமானம், இருபது மதிப்பெண்.
அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்து
எடுத்து வைத்து எடுத்து
பிறகு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

கூரை இன்னும் வரவில்லை.
பரிசீலிக்கிறோம் என்று நகர மன்றம் எழுதியிருக்கிறது.
குடைகளை உயர்நிலை ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள்,
பேரம் ஜுன் காயுடையது, நல்ல லாபம்.
புது முதலாளிகள் ஐம்பது காசு கேட்கிறார்கள்.

இன்று கொடுத்துவிட்டு நடந்தேன்.
தரையில் மஞ்சள் சாயத்தில் ஒரு குறி,
யாரோ அளந்திருக்கிறார்கள்.
நானும் எண்ணிப் பார்த்தேன்.
முப்பத்தெட்டுதான் வந்தது.
எனக்குக் கால் நீளம்.