இரண்டு நொடி முந்தி

எனக்கும் நார்மன் ஸ்கேல்ஸுக்கும் நடுவே
ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்.
அதில் பாதி அவருடையது.
எந்தப் பாதி என்பதில்தான்
எட்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

கிரிம்ஸ்பியில் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு
மீன்சந்தைப் பக்கமிருந்து காற்று வரும்.
எட்டரைக்குத் ‘தொலைந்த பொருள் அலுவலகம்’ வரும்.
ஐம்பது வருஷத்துப் பழைய தொடர்.
அட்டையில் செய்த ரயில் நிலையம்,
கதவை ஓங்கிச் சாத்தினால்
சுவரும் கடிகாரமும் சேர்ந்து ஆடும்.
எல்லா வசனமும் எனக்கு மனப்பாடம்.
நார்மனுக்கும்தான்.

அவர் கூரையில் பழைய ஆண்டெனா.
என் வீட்டில் டிஷ்.
படம் வானத்துக்குப் போய்த் திரும்பி வரவேண்டும், அம்மா,
என்று பொருத்த வந்த பையன் சொன்னான்.
ஆகவே எனக்கு எல்லாமே
இரண்டு நொடி தாமதம்.

குடை இன்னும் விரிந்திருக்காது.
வாத்து இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கும்.
அதற்குள் சுவர் ‘ஹோ’ என்னும்.
விருந்துக்கு நான் உட்காரும் முன்பே
பக்கத்தில் ஒருவர் ஏப்பம் விட்டதுபோல.
செருப்பைக் கழற்றிச் சுவரில் அடிப்பேன்.
அவரும் திருப்பி அடிப்பார்.

பல்செட் காட்சி மட்டும் வேறு.

ரயிலில் பல்செட்டைத் தொலைத்த ஒருவர்
கவுன்டருக்கு வருவார்.
குமாஸ்தா பேனா மூடியைத்
திருகித் திருகித் திறப்பார்.
அதற்கே அரை நிமிஷம்.
‘பெயர்?’
பல் இல்லாத வாயில்
த எங்கிருந்து வரும், ந எங்கிருந்து வரும்?
நாக்கு போய் முட்ட ஓர் இடம் வேண்டாமா?
‘ஃபஃபுஃபு’ என்பார் வந்தவர்.
குமாஸ்தா அப்படியே எழுதிக்கொள்வார்.
‘எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்.’
இருவருக்கும் நடுவே, தட்டில்,
பல்செட் ஒன்றுதான்
வெளிப்படையாகச் சிரித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு நார்மன் உடனே சிரிக்கமாட்டார்.
முதலில் ஒரு நீண்ட மூச்சிழுப்பு,
கெட்டில் கொதிக்கப் போவதுபோல.
பிறகு இருமல்.
பிறகு நாற்காலிக் கையில் தட்டுவது.
அதற்குள் என்னுடையதும் வந்து சேர்ந்துவிடும்.
வருஷத்தில் ஒரு தடவை, அந்த ஓர் இடத்தில்
இருவரும் ஒன்றாகச் சிரிப்போம்.
கேட்டால் இருவருமே இல்லை என்போம்.

இந்த ஜனவரியில் அந்தக் காட்சி வந்தது.
‘பெயர்?’
மூச்சிழுப்பு இல்லை.
‘ஃபஃபுஃபு.’
சுவர் சுவராகவே இருந்தது.
செருப்பால் ஒரு தட்டு.
கொஞ்சம் மெதுவாக இன்னொன்று.
குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோட்டுப் போடவில்லை.
ஒரு காலில் செருப்பு, ஒன்று கையில்.
என் கதவைத் திறந்தபடி போட்டுவிட்டு
அவர் கதவைச் செருப்பாலேயே தட்டினேன்.

ரொம்ப நேரம் கழித்துத் திறந்தார்.
வாயில் கைக்குட்டை.
கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன.
வியாழக்கிழமை மிச்சமிருந்த எல்லாவற்றையும்
பிடுங்கிவிட்டார்களாம்;
தையல் போட்டிருக்கிறதாம்;
புதுசு வர மூன்று வாரமாம்.
இதெல்லாம் பிறகு தெரிந்தது.
அப்போது அவர் சொன்னது இவ்வளவுதான்:
‘ஃபெல்மா, ஃபிரிக்கக் கூடாஃபாம்.’

என் பெயர் தெல்மா.
எட்டு வருஷம் கழித்து
அந்தப் பெயர் அந்த வாயில்
அப்படித்தான் வந்தது.

நான் எவ்வளவோ அடக்கினேன்.
சத்தியமாக அடக்கினேன்.
பிறகு இல்லாத பேனாவை எடுத்து
இல்லாத மூடியைத்
திருகித் திருகித் திறந்து,
‘எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்’ என்றேன்.

நீண்ட மூச்சிழுப்பு.
அவர் கூடத்தில் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கூட்டம்
எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தது.
திறந்து கிடந்த என் வீட்டிலிருந்து
அதே கூட்டம் இரண்டு நொடி கழித்து
இன்னொரு தடவை சிரித்தது.

தையல் ஒன்று பிரிந்துவிட்டது.
அதற்கும் சேர்த்துத்தான்
இப்போது சுவரில் அடிக்கிறார்.