நூற்றெண்பது லிட்டர்

லிஃப்டில் எழுதியிருக்கிறது: நான்கு பேர், முந்நூறு கிலோ.
கண்ணாடித் தொட்டி ஐம்பது.
நான், ஒட்மார், மூச்சு வாங்கும் அவன் மைத்துனன்.
கணக்குப் போட்டபடி ஏழாம் மாடிவரை
யாரும் பேசவில்லை.

பிர்னோவில் பிப்ரவரி. வெளியே மைனஸ் பதினொன்று.
இரவு பஸ் ஓட்டிவிட்டு வந்த கை
இன்னும் ஸ்டியரிங் வளைவிலேயே நிற்கிறது.

ரசமட்டத்தின் குமிழி ஜன்னல் பக்கம் ஒதுங்கியது.
மேசைக் காலுக்கு அடியில்
பீர்க் கோப்பை அட்டையை இரண்டாக மடித்துச் செருகினான் ஒட்மார்.
குமிழி நடுவுக்கு வந்தது.
ஆளுக்கொரு ரொட்டித் துண்டு தின்றுவிட்டுப் போனார்கள்.

பழைய தண்ணீரில் பாதி
முட்டைக்கோஸ் ஊறவைக்கும் வாளியில்.
வடிகட்டிப் பஞ்சைக் கழுவிவிடாதீர்கள் என்றாள் கடைக்காரி,
அந்த அழுக்கில்தான் எல்லாம் உயிரோடு இருக்கிறதாம்.
என் வீட்டைப் பற்றி
இவ்வளவு நல்லதாக யாரும் சொன்னதில்லை.

நியான் டெட்ரா பதினொன்று.
பத்து, வலையைக் கண்டதும் வந்துவிட்டன.
ஒன்றுக்கு மட்டும் இருபது நிமிடம்.
திட்டினேன், கெஞ்சினேன்,
பிறகு அதுவாகவே வந்தது.

மிஞ்சியது சரளை.
கை கையாக அள்ளி வாளியில் போடும்போது
மூன்றாவது கையில்
ஏதோ நெளிந்தது.

வரி அயிரை.
பென்சில் நீளம்கூட இல்லை,
மஞ்சளும் பழுப்புமாக வளையம் வளையமாய்.

மூன்று குளிர்காலங்களுக்கு முன்
டார்ச்சோடு சோஃபாவுக்குப் பின்னால் தேடினோம்,
லூபோர் முட்டி போட்டு, நான் முட்டி போட்டு.
மூடியைத் திறந்து வைத்தது நீதான் என்றான்.
நானா என்றேன்.
மீனைப் பற்றித்தான் ஆரம்பித்தது அந்தச் சண்டை.
மார்ச்சில் காபி அரைக்கும் மெஷினையும்
பனிச்சறுக்குக் கட்டைகளையும் எடுத்துக்கொண்டான்.
தொட்டி வேண்டாம், என்றான்,
அதில் ஒன்று குறைகிறது.

குறையவில்லை, லூபோர்.
இருட்டினால்தான் இது வெளியே வரும்.
இருட்டினால் நான்
ரயில் நிலையத்துக்கும் லீஷெனுக்கும் நடுவே
குடிகாரர்களை இறக்கிவிட்டுக்கொண்டிருப்பேன்.
ஒரே அறையில் மூன்று வருஷம்,
ஒருவர் தூங்க ஒருவர் விழித்து.

பையில் கட்டிப் புதுத் தண்ணீரில் மிதக்கவிட்டேன்.
பத்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி,
பிறகு இன்னொரு கரண்டி.
அவசரப்பட்டால் அதிர்ச்சியில் போய்விடும்.
ஒன்றரை மணி நேரம்
ஈரக் கையோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல்.

திறந்ததும்
டெட்ராக்கள் சிதறி, ஒன்றுகூடி, மறுபடி சிதறின.
அயிரை எதையும் பார்க்கவில்லை.
நேரே கீழே போய்
மணலுக்குள் தலையை விட்டது,
வாலும் போனது.
நூற்றெண்பது லிட்டர்.
அதற்கு வேண்டியிருந்தது இரண்டு விரற்கடை.

எட்டு மணிக்கு டிப்போவுக்கு போன் செய்தேன்,
இன்று இரவு வர முடியாது என்று.
என்ன விஷயம் என்றார்கள்.
வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது,
யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்,
என்றேன்.
விளக்கை அணைத்தேன்.